மேட்ச்மேக்கிங் டிக்கெட்டுகள் நடுவழியில் காணாமல் போகின்றன, எப்படிப் பின்தொடர்வது?

வரிசைப்புலி:
எங்களுடையது 5-க்கு 5 ஆன்லைன் ஆட்டம். வீரர் 'விளையாடு' பொத்தானைத் தட்டியதும் ரெடிஸில் (நினைவகத்தில் தரவு வைக்கும் சேமிப்பகம்) ஒரு டிக்கெட், அதாவது ஆட்டம் கேட்கும் கோரிக்கை, விழும், ஆயுள் 120 விநாடி. மேட்ச்மேக்கர் (வீரர்களைச் சேர்த்து ஆட்டம் அமைக்கும் புரோகிராம்) 2 விநாடிக்கு ஒருமுறை வரிசையை அலசி 10 பேரைச் சேர்க்கும். டிக்கெட்டின் சாவி (ரெடிஸில் அது சேமிக்கப்பட்ட பெயர்) காலாவதியானதாக ரெடிஸ் அறிவிப்பு வந்தால் 'நேரம் முடிந்தது' என்று பதிகிறோம். ஆனால் சில டிக்கெட்டுகளுக்கு அந்த அறிவிப்பே வருவதில்லை. சில வீரர்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்களில் இடம் பிடித்துவிடுகிறார்கள். டாஷ்போர்டு சராசரிக் காத்திருப்பு 25 விநாடி என்கிறது, வீரர்களோ 2 நிமிடம் என்று திட்டுகிறார்கள். எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

நினைவகப்பூனை:
முதலில் அந்தக் காலாவதி அறிவிப்பைக் கைவிடுங்கள். ஆயுள் பூஜ்ஜியத்தைத் தொட்ட நொடியில் ரெடிஸ் அதை அனுப்புவதில்லை, சாவி உண்மையில் அழிக்கப்படும்போதுதான் அனுப்பும். யாராவது அந்தச் சாவியைத் தொட வேண்டும், அல்லது பின்னணித் துப்புரவின் கையில் அது சிக்க வேண்டும். தாமதம் அதனால்தான். தவிர, அது பப்-சப் (அந்நேரம் கேட்பவர்களுக்கு மட்டும் செய்தி போகும் முறை) வழியே வருவது. கேட்கும் புரோகிராம் அந்நேரம் இணைப்பில் இல்லையென்றால் போனது போனதுதான், மறுபடி வராது.

மாற்று: ரெடிஸின் ஒரு சார்ட்டட் செட் (ஸ்கோர் என்ற எண்ணின்படி அடுக்கப்படும் பட்டியல்). ஸ்கோர் இடத்தில் கெடு நேரம், மில்லிவிநாடியில். ஒரு சிறு புரோகிராம் விநாடிக்கு ஒருமுறை கெடு கடந்தவற்றை எடுத்து, நிலையை மாற்றிப் பதிந்த பிறகே செட்டிலிருந்து நீக்கட்டும். இந்த முறையை மாற்றி முதலில் நீக்கிவிட்டுப் பிறகு பதிந்தால், நடுவில் புரோகிராம் விழும்போது டிக்கெட் அனாதையாகிவிடும். சாவியின் ஆயுளை 10 நிமிடமாக்கி, குப்பை அகற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தை எப்போதும் சர்வர் பக்கமே எடுங்கள். வீரரின் போன் கடிகாரத்தை நம்ப முடியாது.

நிலைமாற்றி:
இரட்டை இடம் பிடிப்புக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நெட் தடுமாறி கிளையன்ட் (வீரரின் போனில் ஓடும் ஆப்) மறுமுயற்சி செய்யும்போது புதிய டிக்கெட் பிறப்பது. பொத்தானைத் தட்டும்போதே கிளையன்ட் ஒரு யூயூஐடி (மற்றொன்றோடு மோதாத தனி அடையாள எண்) உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதையே அனுப்பினால் இது தீரும்.

மற்றது பார்ட்டி, அதாவது நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து வரிசையில் நுழைவது. ஐந்து பேருக்கு ஒரு டிக்கெட் என்றால், டிக்கெட் டேபிளில் யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) போட்டுப் பயனில்லை. பார்ட்டியில் இருப்பவரே தனியாகவும் வரிசையில் நுழையலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'தற்போது வரிசையில் இருப்போர்' என்று தனி டேபிள் வையுங்கள், வீரர் எண்ணே பிரைமரி கீ (ஒருவருக்கு ஒரு வரிதான் இருக்க முடியும்). டிக்கெட் உருவாகும் டிரான்சாக்ஷனிலேயே (முழுதும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காத தொகுப்பு) ஐந்து பேரையும் அதில் சேர்க்க வேண்டும். ஒருவர் மோதினாலும் மொத்தமும் ரோல்பேக், எதுவும் பதியாது. டிக்கெட் முடியும் டிரான்சாக்ஷனிலேயே நீக்கவும் வேண்டும்; இதை மறந்தால் அந்த வீரர் இனி எந்த ஆட்டத்திலும் சேர முடியாது.

நிலைகள் இவை போதும்: வரிசையில், தேடல், ஒப்புதலுக்குக் காத்திருப்பு, சர்வர் ஒதுக்கீடு, முடிந்தது. தோற்றவற்றுக்கு ரத்து, நேரம் முடிந்தது, தோல்வி. நிலையை மாற்றும்போது 'இப்போது தேடலில் இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையோடு அப்டேட் செய்யுங்கள். 0 வரி மாறியது என்றால் வேறொருவர் முந்திவிட்டார், விட்டுவிடுங்கள். ரத்தும் மேட்சும் ஒரே கணத்தில் மோதுவதற்கு இதுதான் மருந்து. ஒவ்வொரு மாற்றத்தையும் தனி நிகழ்வு டேபிளில் சேர்க்க மட்டும் செய்யுங்கள், திருத்தாதீர்கள்: டிக்கெட் எண், வரிசை எண் (அந்த டிக்கெட்டின் எத்தனையாவது மாற்றம்), பழைய நிலை, புதிய நிலை, காரணம், நேரம், விதித்தொகுப்பின் (யாரை யாரோடு சேர்ப்பது என்ற விதிகள்) பதிப்பு. கடைசியதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் 'நேற்று ஏன் சேரவில்லை' என்று இன்று சொல்ல முடியாது.

யாராவது ஒப்புதல் மறுத்தால்? அமேசானின் மேட்ச்மேக்கிங் சேவையான ஃப்ளெக்ஸ்மேட்ச் செய்வது நல்ல முன்மாதிரி. மறுத்தவர் அல்லது பதில் தராதவர் இருக்கும் டிக்கெட் ரத்து, எல்லோரும் ஒப்புக்கொண்ட டிக்கெட் மறுபடி தேடலுக்கு. அப்படித் திரும்பும்போது முதலில் நுழைந்த நேரத்தையே வைத்திருங்கள். புதிதாக எழுதினால் காத்திருந்தவர் கடைசிக்குப் போவார், கணக்கும் பொய்யாகும்.

அளவுகோல்:
25 விநாடி புதிருக்கு விடை: அது ஆட்டம் கிடைத்தவர்களின் சராசரி மட்டும். உதாரணத்துக்கு 100 டிக்கெட்டில் 60 பேர் 25 விநாடியில் சேர்ந்தார்கள், 40 பேர் 100 விநாடி பார்த்துவிட்டு ரத்து செய்தார்கள் என்போம். டாஷ்போர்டு 25 காட்டும். எல்லோரையும் சேர்த்தால் 55. அதுவும் குறைவான கணக்குதான், ரத்து செய்தவர்களுக்கு இன்னும் எவ்வளவு ஆகியிருக்கும் என்பது தெரியாதே. எனவே முடிவு வகைவாரியாகப் பிரித்து, 50, 90-ஆவது பெர்சன்டைல் (50%, 90% பேர் எத்தனை விநாடிக்குள் முடித்தார்கள் என்பது) பாருங்கள்.

அளவீடுகளைச் சேகரிக்கும் ப்ரோமிதியஸ் என்றால், அதன் ஹிஸ்டோகிராமின் (எந்த நேர இடைவெளியில் எத்தனை என்ற கணக்கு) இயல்பான பக்கெட்டுகள், அதாவது இடைவெளிகள், 10 விநாடியோடு முடிந்துவிடும், அதற்கு மேல் எல்லாம் ஒரே மூட்டையில் விழும். 5, 10, 20, 30, 45, 60, 90, 120, 180 என்று நீங்களே கொடுங்கள். அளவீட்டைப் பிரிக்கும் லேபிளில் பிராந்தியம், ஆட்ட வகை, முடிவு மட்டும். டிக்கெட் எண்ணையோ வீரர் எண்ணையோ லேபிளாக்கினால் ஒவ்வொரு எண்ணுக்கும் தனிக் கணக்கு பிறந்து மெமரி வெடிக்கும், அவை லாகுக்கு உரியவை. வரிசையில் நிற்கும் மிகப் பழைய டிக்கெட்டின் வயதையும் ஒரு கேஜில் (அந்தக் கணத்து மதிப்பைக் காட்டும் அளவீடு) காட்டுங்கள். ஹிஸ்டோகிராம் முடிந்ததைத்தான் சொல்லும், சிக்கிக்கொண்டதை இதுதான் சொல்லும்.

வரிசைப்புலி:
நன்றி, நுழைவு நேரம் புதிதாக எழுதப்படுவது எங்கள் புரோகிராமிலும் இருக்கிறது! கிளையன்ட் நிலையை எப்படி அறிவது: கேட்டுக்கொண்டே இருப்பதா, நாங்களே அனுப்புவதா?

நிலைமாற்றி:
அனுப்புங்கள், ஆனால் வரிசை எண்ணோடு. அறிவிப்பு இரட்டையாகவும் முன்பின்னாகவும் வரலாம். கையிலிருப்பதைவிடச் சிறிய எண் வந்தால் கிளையன்ட் உதறட்டும். இணைப்பு அறுந்து திரும்பியதும் ஒருமுறை கேட்டால் போதும். கேட்டே ஆகவேண்டும் என்றால் இடைவெளி விடுங்கள்: ஃப்ளெக்ஸ்மேட்சில் 10 விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது, மைக்ரோசாஃப்டின் பிளேஃபேபில் ஒரு வீரருக்கு நிமிடத்துக்கு 10 முறைதான்.

ஆப்பையே மூடிவிட்டுப் போகிறவர்களுக்கு ஹார்ட்பீட் ('இன்னும் இருக்கிறேன்' என்று ஆப் அனுப்பும் சிறு செய்தி) வையுங்கள். 5 விநாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் ரத்து. காரணத்தில் 'இணைப்பு அறுந்தது' என்று தனியாக எழுதுங்கள். தானே ரத்து செய்தவரோடு கலந்தால், அளவுகோல் சொன்ன அந்த 40-இல் எத்தனை பேர் பொறுமையிழந்தவர்கள் என்று பிரிக்க முடியாது.