கிலோமீட்டருக்கு 15 பைசாவா? யார் வீட்டு மீட்டரில்?

நொய்யல்கரை:
நேற்று காங்கேயம்காளை இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "கரண்ட் ஸ்கூட்டர் ஓட்ட கிலோமீட்டருக்கு 15 பைசாதான், இன்னமும் பெட்ரோல் போடுகிறவன் கணக்குத் தெரியாதவன்" என்று எழுதியிருந்தார். நானும் கரண்ட் வண்டிதான் வைத்திருக்கிறேன். ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வர தினமும் 40 கிலோமீட்டர். இந்த 15 பைசாவை நம்பித்தான் கடன் போட்டு எடுத்தேன். வண்டி வருவதற்கு முன்னால் வீட்டில் இரண்டு மாசத்துக்கு 470 யூனிட், பில் 1,600 சொச்சம். வந்த பிறகு 550 யூனிட், பில் 2,460. ஆக, 2,400 கிலோமீட்டருக்கு 850 ரூபாய். வகுத்துப் பாருங்கள், 35 பைசா வரும். 15 எங்கே, 35 எங்கே?

காங்கேயம்காளை:
80 யூனிட்டுக்கு 850 ரூபாயா? யூனிட் பத்து ரூபாய்க்கு மேல் போட்டது எந்த ஊர் மின்வாரியம்? கணக்குத் தெரியாதவன் என்று சும்மா எழுதவில்லைங்க நான். என் வண்டிக்கு 15 பைசாதான். நேற்றும் 15, இன்றைக்கும் 15.

நொய்யல்கரை:
நம் ஊர் மின்வாரியமேதான். இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று ஸ்கூட்டர் கம்பெனி விளம்பரத்தில் போடமாட்டான். 101லிருந்து 200 வரைக்கும் கிடைக்கிற சலுகை விலை போய்விடும், அந்த நூறு யூனிட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 500க்கு மேல் யூனிட் 8 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் வைத்தார்கள், 2024 ஜூலையில் அதையும் கூட்டினார்கள். வண்டி வந்ததால்தான் நான் 500ஐத் தாண்டினேன். அப்போது அந்தப் பணம் வண்டிக் கணக்கில் வராமல் மாவு அரைத்த கணக்கிலா வரும்?

காங்கேயம்காளை:
ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் பில்லை ஸ்கூட்டர் தலையில் கட்டாதீர்கள். எங்கள் வீட்டில் 250 யூனிட்தான் ஓடும். வண்டியோடு சேர்த்து 330. 15 பைசா.

நொய்யல்கரை:
எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ராப்பகலாக மெத்தைக்குக் காற்றடிக்கிற மோட்டார் ஓடுகிறது. தெரியாமல் பேசவேண்டாம். உங்கள் வீட்டுக் கணக்கை ஊருக்கே கணக்கு என்று எழுதியதைத்தான் கேட்கிறேன்.

தறிச்சத்தம்:
காளை அண்ணா வீடு தோட்டத்துச் சாளைதானே? கிணற்று மோட்டார் ரூமில் சொருகினால் 15 பைசா என்ன, பைசாவே ஆகாது. ஊர்ப்பக்கம் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

காங்கேயம்காளை:
வாயை அளந்து பேசு தம்பி. விவசாய சர்வீஸில் ஒரு நாளும் வண்டியைச் சொருகியது இல்லை. அந்த இலவசக் கரண்ட் யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை. 1970ல் பெருமாநல்லூரில் கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகள் குண்டடி பட்டுச் செத்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் 1972ல் கோயம்புத்தூரில் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், எங்கள் அப்புச்சியும் வண்டி கட்டிப் போனவர். விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசமாக வாங்குகிற நீ அதைப் பேசாதே.

தறிச்சத்தம்:
தறிக்காரன் பொழப்பு எப்படி இருக்கிறது என்று பல்லடம் பக்கம் வந்து பாருங்கள். பாதித் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. 1,000 யூனிட்டைச் சொல்லிக்காட்ட உங்களுக்கு என்ன யோக்கியதை?

தாளவாடிக்காரன்:
தறியும் தோட்டமும் அப்புறம் பேசலாம். பண்ணாரியில் பேட்டரி 70 சதவீதம் இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து 27 கொண்டை ஊசி வளைவும் ஏறித் திம்பம் போனபோது 40. பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. மலைக்காரனுக்கு எத்தனை பைசா என்று ஒருத்தராவது சொல்லுங்கள்.

காங்கேயம்காளை:
இறங்கும்போது சார்ஜ் திரும்ப ஏறும், அதையும் எழுதுங்கள்.

தாளவாடிக்காரன்:
ஏறியது 3 சதவீதம். எழுதிவிட்டேன்.

நொய்யல்கரை:
நான் வாய்க்கு வந்ததைப் பேசவில்லை. ஒரு ராத்திரி பிரிட்ஜ் முதற்கொண்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அம்மாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, 12 சதவீதத்தில் வண்டியைச் சொருகினேன். டார்ச் அடித்து மீட்டரைக் குறித்துக்கொண்டேன். திண்ணையில் சார்ஜர் விசிறி மட்டும் உய்யென்று ஓடிக்கொண்டிருந்தது. விடியக்காலை நிறைந்தபோது 3 யூனிட் ஏறியிருந்தது. என் பேட்டரி பிடிப்பது 3 யூனிட்தான், ஆனால் முழுசாக ஏற்ற மீட்டரில் 3.4 யூனிட் ஓடவேண்டும். சார்ஜர் சூட்டிலேயே கொஞ்சம் போகிறது. நிதானமாக ஓட்டினால் 100 கிலோமீட்டர், அறுபதில் முறுக்கினால் அதுவும் வராது. இத்தனையும் பார்த்துத்தான் 35 என்கிறேன். இன்னும் பேட்டரியைச் சேர்க்கவே இல்லை. வாரண்டி முடிந்து 80,000 கிலோமீட்டரில் மாற்ற 70,000 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 87 பைசா. மொத்தம் 1 ரூபாய் 22 பைசா.

காங்கேயம்காளை:
பேட்டரி எப்படி ஓட்டுகிற செலவாகும்? அப்படியென்றால் பெட்ரோல் வண்டிக்கு இன்ஜின் ஆயில், பெல்ட், பிளக் எல்லாம் சேருங்கள். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் பெட்ரோலுக்கே 2 ரூபாய் 25 பைசா. உங்கள் 1.22ஐ வைத்தாலும் கரண்ட் வண்டிதான் ஜெயிக்கிறது.

நொய்யல்கரை:
ஜெயிக்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? வண்டியை விற்கப் போவதும் இல்லை. 15 பைசா பொய் என்றேன். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

காங்கேயம்காளை:
330 யூனிட்டில் 80 யூனிட், 376 ரூபாய், 2,400 கிலோமீட்டர். 15 பைசா. எதில் பொய்?

நொய்யல்கரை:
வகுத்தால் 15.66. அதையும் குறைத்துத்தான் எழுதுகிறீர்கள்.

காங்கேயம்காளை:
முக்கால் பைசாவுக்கு வந்துவிட்டீர்களா! 2008லேயே ஆம்பியர் என்கிற கரண்ட் வண்டிக் கம்பெனி தொடங்கிய கோயம்புத்தூர் இது. ஊரே கரண்ட் வண்டிக்கு மாறுகிற நேரத்தில் இப்படி ஆளைப் பயமுறுத்தினால் யார் வாங்குவார்கள்?

தறிச்சத்தம்:
மோட்டார் ரூம் கேள்விக்குப் பதில் வரவில்லை.

காங்கேயம்காளை:
உனக்குப் பதில் கிடையாது.

நொய்யல்கரை:
எனக்காவது சொல்லுங்கள். வண்டி வருவதற்கு முந்தின பில் ஒன்று, வந்த பிறகு ஒன்று, இரண்டையும் பேரை மறைத்து இங்கே போடுங்கள். என்னுடையதை இன்று சாயங்காலமே போடுகிறேன். 500க்கு மேல் போகிற வீட்டுக்காரன் ஒருத்தன் உங்கள் 15ஐப் படித்துவிட்டு நாளைக்குக் கடன் பேப்பரில் கையெழுத்துப் போடுவான். நான் போட்டது அப்படித்தான்.

காங்கேயம்காளை:
என் வீட்டு பில்லை உங்களுக்குக் காட்டவேண்டிய அவசியம் எனக்கு இல்லைங்க. 15 பைசா.