ஊசிமுனைக் காலனிகளைத் தீங்கற்றவை என்று ஒதுக்கலாமா?

கேள்வி – முதுகலை மாணவி, கிண்டி
வணக்கம். சென்னையில் நுண்ணுயிரியல் பயில்கிறேன். நாள்பட்ட எலும்புச் சீழ் மாதிரியை ரத்த அகரில் (ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில்) வளர்த்தபோது, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் பொன்னிறக் காலனிகளுக்கிடையே (கிருமித் திரள்களுக்கிடையே) ஊசிமுனை அளவில் நிறமற்ற காலனிகளும் தோன்றின. வழவழப்பான காலனிக்கே வீரியம் (நோய் உண்டாக்கும் திறன்) மிகுதி என்று படித்திருப்பதால், இவற்றைப் பொருட்படுத்தாமல் விடலாமா?

மறுமொழி – நுண்ணுயிரியல் ஆசிரியர், தாம்பரம்
விட வேண்டாம். அந்தப் பாடம் நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வந்தது. 1928இல் பிரிட்டிஷ் பாக்டீரியவியலாளர் கிரிஃபித் வெளியிட்ட ஆய்வில், வழவழப்பான வகை எலிகளைக் கொன்றது, சொரசொரப்பான வகை கொல்லவில்லை. வெள்ளணுக்கள் விழுங்காதபடி காக்கும் சர்க்கரை உறையே அதற்குக் காரணம், வழவழப்பு அவ்வுறையின் வெளித்தோற்றம் மட்டுமே. மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற மற்றொரு பாக்டீரியாவிலோ, மேற்பரப்பிலுள்ள கிளைகோபெப்டிடோலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளை இழந்து சொரசொரப்பாக மாறிய வகைதான் நுரையீரலை அதிகம் பாதிக்கிறது. நியூமோகாக்கஸிலேயே ஒளி ஊடுருவும் காலனி வகை மூக்குத்தொண்டையில் எளிதில் குடியேறுகிறது, உறை தடித்த ஒளிபுகா வகை ரத்தத்தில் நன்கு தாக்குப்பிடிக்கிறது. ஆகவே எந்தக் கிருமி, உடலின் எந்த இடம் என்று கேட்காமல் காலனியின் தோற்றத்தை மட்டும் கொண்டு வீரியத்தை மதிப்பிடுவது தவறு என்றே கருதுகிறேன்.

மறுமொழி – மருத்துவமனை ஆய்வகப் பணியாளர், பெரம்பூர்
ஆசிரியர் சொன்னதோடு உடன்படுகிறேன். நீங்கள் கண்டவை ஸ்மால் காலனி வேரியன்ட் (மெதுவாக வளரும் சிறு காலனி வகை) ஆக இருக்கலாம். வளர்ச்சிக்குத் தேவையான ஹீமின் அல்லது மெனாடியோனைத் தாமே உண்டாக்க இயலாத வகைகளில் ஆற்றல் தரும் எலக்ட்ரான் கடத்தல் குன்றுவதால் வளர்ச்சி மந்தமாகிறது, நிறமியும் ஆல்ஃபா நச்சும் குறைகின்றன. நச்சு குறைந்ததனாலேயே மனித செல்லைச் சிதைக்காமல் அதனுள் நெடுநாள் தங்கி, சிகிச்சை முடிந்த பின்னும் நோயைத் திரும்பக் கொண்டுவருகின்றன; ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கிருமியின் செல்லுக்குள் நுழைய அதன் சவ்வின் மின்னழுத்தம் தேவைப்படுவதால் அம்மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. பிளேட்டை 72 மணி நேரம் வைத்திருந்து, கிராம் சாயமிட்டுப் பார்த்து, ஹீமின், மெனாடியோன், தைமிடின் ஊட்டிய வட்டுகளைச் சுற்றி வளர்ச்சி கூடுகிறதா என்று சோதியுங்கள். கோஆகுலேஸ் சோதனையின் (கிருமி பிளாஸ்மாவை உறையச் செய்கிறதா என்று பார்ப்பதன்) முடிவு தாமதமாகலாம் என்பதால் 4 மணி நேரத்தோடு நிறுத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி, ஐயா. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் சளி போன்ற காலனிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையா?

மறுமொழி – நுண்ணுயிரியல் ஆசிரியர், தாம்பரம்
வழி வேறு, பலன் நெருக்கமானது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுவழி நோய் கொண்டவர்களின் நுரையீரலில் பெரும்பாலும் மக்ஏ மரபணு பழுதடைந்து ஆல்ஜினேட் என்ற பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருள் மிகுதியாகச் சுரப்பதால் அந்தத் தோற்றம் வருகிறது. திடீர்த் தாக்குதலைவிட நீங்காத தொற்றுக்கே அது துணைபோகிறது. உங்கள் மாதிரியில் இருவகைக் காலனிகளையும் தனித்தனியே பிரித்து வளர்த்து, இரண்டையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள்.