அனிமேஷன் படத்தோட இரண்டாம் பாகம்: உட்கார்ந்து பார்க்கலாமா, வேண்டாமா?

கடைசி வரிசை:
முதல் பாகத்துல ஹீரோ கத்துக்கிட்டதை இரண்டாம் பாகம் மறந்துட்டு ஆரம்பிக்குதான்னு முதல் இருபது நிமிஷத்துல பாருங்க. சமாதானமான ரெண்டு பேர் அதே காரணத்துக்கு மறுபடி முறைச்சுக்கிட்டா, எழுதினவங்ககிட்ட வேற சரக்கு இல்லை. 'டாய் ஸ்டோரி 2' (1999) இதுக்கு நேர் எதிர். தன்னை வெச்சு விளையாடுற பையன் ஆண்டி ஒருநாள் வளர்ந்துடுவான்னு தெரிஞ்சும் பொம்மை வுடி அவன்கிட்டயே திரும்பணுமா, இல்ல ஜப்பான்ல மியூசியம் கண்ணாடிக்குள்ள என்னைக்கும் பத்திரமா இருக்கணுமா? முதல் பாகம் முடிஞ்ச பிறகுதான் இப்படிக் கேட்கவே முடியும். ஆண்டி 17 வயசுல காலேஜ் கிளம்புற மூணாம் பாகம் (2010) அந்தக் கேள்வியைத்தான் முடிச்சு வைக்குது.

நிழலாட்டம்:
'ஷ்ரெக் 2' (2004) மட்டும் என்னவாம்? பூத உருவ ஷ்ரெக்குக்கு முதல் பாகத்துல இருந்த அதே தாழ்வு மனப்பான்மைதானே?

கடைசி வரிசை:
பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனா முதல் பாகத்துல ஊரை விரட்டிட்டு சதுப்பு நிலத்துல ஒதுங்கிக் கிடந்தவர், இதுல மாமனார் மாமியார் முன்னாடி நிக்கிறார். மனைவி ஃபியோனாவுக்காகத் தானே மருந்தைக் குடிச்சு உருவத்தை மாத்திக்கிறார். காயம் பழசு, ஆபத்து புதுசு. அது போதும்.

கீஃப்ரேம்:
புதுப் பாத்திரம் எதுக்கு வருதுன்னும் கவனிங்க. 'இன்சைட் அவுட் 2'ல (2024) சிறுமி ரைலிக்கு 13 வயசு. அவ மனசுக்குள்ள பதற்றம், பொறாமை, சங்கடம், சலிப்பு நாலும் புதுப் பாத்திரமா வர அந்த வயசே காரணம். 'மோவானா 2' ஓடிடி தொடரா ஆரம்பிச்சு அப்புறம் படமானது. படகுல ஏறுற புதுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு குணம் இருக்கு, வேலைதான் இல்லை. தையல் தெரியுது.

வயசு ஏறியே ஆகணும்னும் இல்லை. 'இன்க்ரெடிபிள்ஸ் 2' வந்தது 14 வருஷம் கழிச்சு; கதையோ முந்தைய படம் விட்ட இடத்துலயே தொடங்குது. சூப்பர்ஹீரோ குடும்பத்துக் கைக்குழந்தை ஜாக்-ஜாக்கோட சக்தி நமக்குத் தெரியும், வீட்ல யாருக்கும் தெரியாது. அந்தப் பாக்கியை வெச்சே பாதிச் சிரிப்பு.

நிழலாட்டம்:
காமெடியனை ஹீரோவாக்கினா நான் உஷாராயிடுவேன். 'கார்ஸ் 2' (2011) மொத்த உளவுக் கதையையும் காமெடி இழுவை வண்டி 'மேட்டர்' தலையில கட்டிச்சு. ஓரமா நின்னு ரெண்டு வரி அடிச்சப்ப இருந்த சிரிப்பு அதுல இல்லை.

இடைவேளை:
குட்டிப் பசங்களோட பார்க்கிறவங்களுக்கு: 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்' (2022) பார்க்க முந்தின படம் தேவையில்லை. பூனை ஹீரோவோட ஒன்பது உயிர்ல எட்டு போயாச்சு, அவ்வளவு தெரிஞ்சா போதும். சண்டை வந்தா அசைவை வேணும்னே வெட்டி வெட்டிக் காட்டுறாங்க, பிரிண்ட் கோளாறுன்னு நினைக்காதீங்க. வில்லன் ஓநாயோட விசில் சத்தம் சின்னதுகளை நல்லாவே மிரட்டும், பக்கத்துல உட்காருங்க.

2023-ல வந்த 'ஸ்பைடர்-வெர்ஸ்' ரெண்டாவது படத்துக்கு மட்டும் முதல் படம் கட்டாயம். ரெண்டேகால் மணி நேரத்துக்கு மேல ஓடி, 'தொடரும்' போட்டு நிறுத்திடுவாங்க. பசங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சிடுங்க.