தைராய்டு மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை, ஆனாலும் டிஎஸ்எச் ஏன் இறங்கவில்லை?

கேட்டவர்: பனியன் ஊர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. போன நவம்பரில் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் என்ற தைராய்டு எண் 18.6 என்று வந்தது, அது ரொம்ப அதிகமாம். தைராய்டு குறைவு என்று சொல்லி 50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார்கள். ஜனவரியில் 9.8. மாத்திரையை 75 ஆக்கினார்கள். போன வாரம் பார்த்தால் 8.4. அடுத்த முறையும் இறங்காவிட்டால் 100 ஆக்கவேண்டும் என்கிறார் டாக்டர்.

ஏப்ரல் வெயிலில் எங்கள் மேசையில் எல்லோரும் வேர்த்து வழிகிறார்கள். நான் மட்டும் துண்டைப் போர்த்திக்கொண்டு பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபேன் காற்று எலும்பில் அடிக்கிறது. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள் காலையில் மரத்துப்போய்க் கிடக்கின்றன. போனில் பேசினால் "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்கிறார்கள், குரல் அப்படிக் கட்டிப்போய்விட்டது. 58 கிலோ இருந்தவள் 64 ஆகிவிட்டேன். "உக்காந்தே இருந்தா ஊதத்தான் செய்யும்" என்று மாமியார் சொன்ன அன்று ராத்திரி தூங்கவே முடியவில்லை. நான் உட்கார்ந்தா இருக்கிறேன்?

தினமும் காலை 5 மணிக்கு எழுந்ததும் முதல் வேலை மாத்திரைதான். இந்துப்புக்கு மாறு, முட்டைக்கோஸைத் தொடாதே என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என்னிடம் என்ன தப்பு?

மதுரை அக்கா

தங்கச்சி, முதலில் ஒன்று. நீங்கள் சோம்பேறி இல்லை. இந்தச் சுரப்பு குறைந்தால் உடம்பில் எல்லாமே மெதுவாகும். நாடி, குடல், தோல், யோசனை வரைக்கும். ஏறிய எடையிலும் பெரும்பகுதி உடம்பில் தங்கும் நீரும் உப்பும்தான். இதை உங்கள் வீட்டில் ஒருவராவது தெரிந்துகொள்ளவேண்டும். எனக்கு இது 11 வருடமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

இப்போது இரண்டு கேள்வி. மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்துக் காபி? வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

பனியன் ஊர்க்காரி

மாத்திரையைப் போட்டுவிட்டுப் பால் வைப்பேன் அக்கா. பால் பொங்கியதும் காபி. பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் 6 மணிக்கு இட்லி தின்றுவிட்டு ஓர் இரும்புச் சத்து மாத்திரை. மாதவிலக்கு அதிகமாகப் போய் ரத்தம் 9.2க்கு இறங்கிவிட்டது. அதற்கு வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்தார், அது ஒரு வருடமாக ஓடுகிறது.

மதுரை அக்கா

அதேதான்! எனக்கும் இதேதான் நடந்தது.

தைராய்டு மாத்திரை வயிற்றில் தனியாக இருந்தால்தான் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சும். காபி அதைக் கெடுக்கும். இரும்பும் கால்சியமும் அந்த மருந்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகவிடாமல் செய்துவிடும். நீங்கள் விழுங்குவது 75தான், ரத்தத்தில் சேர்வது 75க்கு உண்டானது இல்லை. தைராய்டு டாக்டருக்கு இரும்பு மாத்திரை தெரியாது, இரும்பு எழுதியவருக்குத் தைராய்டு தெரியாது. இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை. எனக்கு இப்படியே ஒன்றரை வருடம் வீணாகப் போனது. அந்தக் காலத்தில் என் பெண்ணின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட அதிகாலையில் எழுந்து துணைக்கு உட்கார முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதிகமாக ரத்தம் போவதும் தைராய்டு குறைவால் வரக்கூடியதுதான். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டிஎஸ்எச் தைராய்டிலிருந்து வருவது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்து "சுரந்து கொடு" என்று போடுகிற சத்தம். சரக்கு வரவில்லை என்றால் உங்கள் சூப்பர்வைசர் என்ன செய்வார்? இன்னும் சத்தம் போடுவார். அதனால்தான் தைராய்டு குறைய இந்த எண் ஏறுகிறது. பெரும்பாலான லேப்களில் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை சரியான அளவு.

என்னுடைய காலை இப்படி: 5 மணிக்கு மாத்திரை, வெறும் தண்ணீர். கோலம், வாசல் வேலை எல்லாம் முடித்து 6 மணிக்குத்தான் காபி. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும், மதியச் சாப்பாட்டோடு தள்ளிப் போடலாமா என்று கேளுங்கள்.

உப்பு பற்றி. அயோடின் பற்றாக்குறையால் கழுத்துக் கழலை வந்த ஊர்கள் நிறைய இருந்ததால்தான் 1962இல் அரசே கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கி உப்பில் அயோடின் சேர்க்கவைத்தது. இந்துப்புக்கு மாறினால் அது போய்விடும். அதற்காக அயோடினைக் கூடுதலாகவும் தின்னவேண்டாம். நம்மில் பலருக்கு இது வருவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதால். ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோட்டோ 1912இல் எழுதிவைத்த நோய் அது, அயோடினைக் கொட்டினால் சரியாகாது. வேகவைத்த முட்டைக்கோஸ் பொரியலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

மருந்துக்கடைக்காரர்

அக்கா சொன்னது சரி. கூட இரண்டு. நீங்களாகவே அளவை ஏற்றாதீர்கள், அதிகமானால் படபடப்பு வரும், நாளாவட்டத்தில் எலும்பும் தேயும். இடைவெளியைச் சரிசெய்த விஷயத்தை டாக்டரிடம் சொல்லி, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும், அதனால் அவசரப்பட்டுப் பார்த்தால் எண் சரியாகத் தெரியாது. ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போடுங்கள்.

முடிக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் சில லேப் கருவிகளில் தைராய்டு எண்ணே மாறி வரும், சொல்லிவிடுங்கள். டப்பாவை அடுப்பு மேடையில் வைக்கவேண்டாம், சூடும் ஈரமும் ஆகாது.

பனியன் ஊர்க்காரி

ஏழு வாரம் ஆயிற்று. இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வைத்தேன். முதல் தடவையாக இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். இரும்பை மதியத்துக்கு மாற்றினார், 75ஐ அப்படியே தொடரச் சொன்னார். நேற்று ரிப்போர்ட் வந்தது, டிஎஸ்எச் 3.1.

காபி இப்போது 6 மணிக்குத்தான். முதல் வாரம் தலை வலித்தது, அப்புறம் பழகிவிட்டது. முடி இன்னும் சீப்பு நிறைய வருகிறது. எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரர் அவர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்தபோது பால் பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் மேடையில் வைத்திருந்தார்.

அக்கா, என் பெண்ணுக்கு 14 வயது. அவளுக்கும் பார்க்கவேண்டுமா?

மதுரை அக்கா

3.1! படித்ததும் கண் கலங்கிவிட்டது தங்கச்சி.

இது குடும்பத்தில் வரக்கூடியது. கழுத்து வீக்கம், ஓயாத அசதி, வளர்த்தி நின்றுபோவது, மாதவிலக்குத் தாறுமாறு, இதில் ஏதாவது இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஒன்றும் இல்லை என்றாலும் அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவளையும் கூட்டிப்போய்க் கேளுங்கள். முடி திரும்ப மாதங்கள் ஆகும், எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.