நீண்ட அட்டவணையைக் கடைசிப் பக்கத்தில் மூன்று பத்திகளுக்கும் சமமாகப் பிரிப்பது எப்படி?

வணக்கம். சிங்கப்பூரில் ஓர் ஆலயத்தின் குடமுழுக்கு மலரை விண்டோஸ் 11 கணினியில், இன்டிசைன் 2024 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைக் கொண்டு வடிவமைத்து வருகிறேன். நன்கொடையாளர் பட்டியல் முழுவதும் பெயர், வட்டாரம், தொகை என்ற விவரங்களுடன் ஒரே அட்டவணையாக, ஏ4 பக்கத்துக்கு மூன்று பத்திகள் (செங்குத்து நிரல்கள்) வீதம் ஓடுகிறது. தலைப்பு வரிசை ஒவ்வொரு பத்தியின் மேலேயும் ஒழுங்காக வருகிறது. கடைசிப் பக்கத்தில்தான் சிக்கல்: முதல் பத்தி அடிவரை நிரம்பி, இரண்டாவது பாதியில் நின்று, மூன்றாவது வெறுமையாகக் கிடக்கிறது.

பத்திகளைச் சமப்படுத்தும் 'பேலன்ஸ் காலம்ஸ்' தேர்வை இட்டுப் பார்த்தேன். அட்டவணை அசையவே இல்லை. அட்டவணை அடங்கிய உரைச் சட்டகத்தின் உயரத்தைக் கையால் குறைத்தால் சமமாகிறது, ஆனால் ஆலயக் குழுவினர் இன்னும் பெயர்களைச் சேர்த்து வருவதால், ஒவ்வொரு முறையும் கடைசி வரிசைகள் சட்டகத்துக்குள் அடங்காமல் போகின்றன. குறிப்பிட்ட வரிசையை அடுத்த பத்தியில் தொடங்குமாறு அமைத்தாலும், பட்டியல் மாறியவுடன் பத்தியின் அடியில் வெற்றிடம் விழுகிறது. வரிசையின் உயரத்தை நிலையாக வைத்தபோது, 'குடும்பத்தார்' என்று முடியும் நீண்ட பெயர்கள் இரண்டாம் வரிக்கு மடங்கி, எழுத்து மறைந்து சிவப்புப் புள்ளி தோன்றியது. கொடுத்தவர் பெயர் ஒன்றுகூட விடுபடக்கூடாது என்பதால் அந்த வழியைக் கைவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கோப்பை அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பட்டியல் மாறும்போதெல்லாம் கடைசிப் பக்க வரிசைகளை மூன்று பத்திகளுக்கும் தானாகவே சமமாகப் பகிரும் அமைப்போ ஸ்கிரிப்டோ இன்டிசைனில் உண்டா?