ஹைகம்ப்ரஷன் போட்ட 220, பணகுடி காத்துல கிணிகிணிங்குது. உதவி!

வண்ணார்பேட்டை220: அவசரம். பல்சர் 220 பைக், பிஸ்டன் மாத்தி, ஹெட் ஃபேஸிங் போட்டு (எஞ்சின் மூடியோட அடிப்பக்கத்த லேத்துல செதுக்கி) ஹைகம்ப்ரஷன் ஆக்கியாச்சு, கலவை முன்னவிட இறுக்கமா அமுங்கும். ஊருக்குள்ள அருமையா இழுக்கு. நாங்குநேரி தாண்டி நாலுவழிச்சாலைல முறுக்குனா தகரத்துல சில்லறை கொட்டுன மாதிரி சத்தம். பணகுடிப் பக்கம் எதிர்காத்துல ரொம்ப மோசம். சூட்டோட நிறுத்திட்டு செல்ஃப் அடிச்சா டக்குனு நின்னுருது. என்ன செய்ய?

பேட்டை_ஸ்பானர்: கம்ப்ரஷன் எத்தன, அதாவது கலவை எத்தனல ஒரு பங்கா அமுங்குது? என்ன பெட்ரோல்? கார்பரேட்டர் ஜெட் (பெட்ரோல் போற துளை) மாத்துனீயளா? சத்தம் எந்த கியர்ல, எத்தன ஆர்பிஎம்ல வருது? ஒண்ணுமே சொல்லாம என்ன செய்யன்னு கேட்டா எப்படி?

ஆர்எக்ஸ்_குலவணிகர்புரம்: கேம் செயின்தான், வால்வைத் தொறக்குற கேமை ஓட்டுற செயின். ஹெட்டைச் செதுக்குனா கேம் கீழ இறங்கும், செயின் தொய்யும், வால்வ் டைமிங் பிந்திரும். செயினை இறுக்குற டென்ஷனரைப் பாருங்க.

பேட்டை_ஸ்பானர்: டைமிங் பிந்தும், அது சரி. ஆனா செயின் சத்தம்னா ஐடில்லயே கேக்கும். முறுக்கும்போது மட்டும் வந்து, ஆக்சிலேட்டரை விட்டதும் நிக்குதுன்னா அது நாக்கிங், கலவை தானா வெடிக்கது.

வண்ணார்பேட்டை220: விட்டதும் நிக்கு. 5-வது கியர், 5000 பக்கம். சாதா பெட்ரோல். லேத்துல 11.5ன்னு சொன்னாங்க.

டார்க்_அண்ணாச்சி: சொன்னா அளவு ஆயிருமா? இந்தக் கணக்குகூடத் தெரியாதவர்கள் எஞ்சினைத் தொடவே கூடாது. போர் (சிலிண்டர் விட்டம்) 67, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 62.4 மிமீ, கொள்ளளவு 220 சிசி. கம்பெனி கொடுத்த 9.5 கம்ப்ரஷனுக்கு, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 26 சிசி. 11.5 வேண்டுமென்றால் 21 சிசி. ஹெட்டில் 1 மிமீ எடுத்தாலே 3.5 சிசி போய்விடும். அதன்மேல் தலை குவிந்த டோம் பிஸ்டனும் என்றால் 12-ஐத் தாண்டியிருக்கலாம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் டிடிசியில் (பிஸ்டன் உச்சியில்) நிறுத்தி, இரண்டு பிளக்கில் ஒன்றை மாட்டி, மற்ற பிளக் ஓட்டை மேலே இருக்கும்படி வண்டியைச் சாய்த்து, சிரிஞ்சில் மெல்லிய எண்ணெய் விட்டு அளக்கவும். மரைக்குள் நிற்கும் எண்ணெயைக் கழிக்கவும்.

பேட்டை_ஸ்பானர்: அளந்துட்டு எண்ணெயை மறக்காம உறிஞ்சி எடுங்க. உள்ள கெடக்கும்போது செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவுல இடைவெளி பாத்தீயளா? பிஸ்டன் மேல விளையாட்டுக் களிமண்ணை வச்சு, ஹெட்டை மாட்டி, கையால ரெண்டு சுத்து சுத்தி, வெட்டிப் பாருங்க. இன்டேக் 1.5, எக்ஸாஸ்ட் 2 மிமீ இருக்கணும். அப்புறம், இக்னிஷன் கம்பெனி செட்டிங்தானா?

வண்ணார்பேட்டை220: ஸ்பார்க் நேரத்தக் கட்டுப்படுத்துற சிடிஐ, ரேஸ் சிடிஐயா போட்டிருக்கு. அதையும் சொல்லணுமா?

பேட்டை_ஸ்பானர்: அதத்தான்வே மொதல்ல சொல்லணும்! கம்ப்ரஷன் ஏறுனா தீ வேகமாப் பரவும், அப்ப ஸ்பார்க்கைப் பிந்தி விடணும். முழு அட்வான்ஸ்ல (ஸ்பார்க் முந்துற அளவுல) 2-லேர்ந்து 4 டிகிரி குறைச்சு ஆரம்பிக்கணும். அந்த சிடிஐ முந்தி விடுது. 220-ல ரெண்டு பிளக் வேற. செல்ஃப் முட்டி நிக்கதுக்கும் இதான் காரணமா இருக்கும், பிஸ்டன் மேல வாரதுக்குள்ள வெடிச்சுத் திருப்பி அடிக்கும். எதிர்காத்துல 5-வது கியர்லயே முழுசா முறுக்காதீய, 4-க்கு இறக்குங்க.

பாளை_கார்ப்: எல்லாத்துக்கும் எத்தனால்தான் காரணம். 20 சதவீதம் கலந்த பெட்ரோல்ல கலவை லீன் ஆயிரும், அதாவது காத்து கூடி எரிபொருள் குறைஞ்சிரும்.

டார்க்_அண்ணாச்சி: தவறு. எத்தனாலுக்கு ஆக்டேன் (நாக்கிங்கைத் தடுக்கும் திறன்) அதிகம், ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்யும். ஹைகம்ப்ரஷனுக்கு அது நல்லது.

பாளை_கார்ப்: ஜெட்டை மாத்துனாத்தானே நல்லது? சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து, இதுக்கு 13.5 போதும். பழைய ஜெட்டோட ஓட்டுனா 8 சதவீதம் பெட்ரோல் குறையும். 120 ஜெட்னா 125 போடணும்.

ஆர்எக்ஸ்_குலவணிகர்புரம்: டூ ஸ்ட்ரோக்ல இந்தப் பாடே இல்ல.

டார்க்_அண்ணாச்சி: அதில் கேம் தள்ளும் வால்வே இல்லை. இங்கே எதற்கு அந்தப் பேச்சு?

ஆர்எக்ஸ்_குலவணிகர்புரம்: நீங்க மட்டும் பாடம் நடத்தலாமாக்கும்?

பேட்டை_ஸ்பானர்: ரெண்டு பேரும் செத்த நிறுத்துங்க. 220, பிளக்கை ஒரு படி கூலா, சூட்டை வேகமா வெளியேத்துறதா மாத்துங்க. என்ஜிகேல நம்பர் ஏறுனா கூல், பாஷ், சாம்பியன்ல நம்பர் எறங்குனா கூல். தெரியாம வாங்குனா சூட்டுப் பிளக்கு மாட்டிரும். சாதா பெட்ரோலை விட்டுட்டு 97-க்கு மேல ஆக்டேன் கிடைக்கிற பங்க்ல போடுங்க.

வண்ணார்பேட்டை220: பழைய சிடிஐ மாட்டியாச்சு. செல்ஃப் சுத்துது. சத்தம் 5-ல மட்டும் லேசா இருக்கு. பிளக் பீங்கான்ல சின்னச் சின்னப் புள்ளி. நன்றி.

பேட்டை_ஸ்பானர்: புள்ளி கருப்பா, வெள்ளி மாதிரி மின்னுதா? மின்னுனா பிஸ்டன் அலுமினியம். ஓட்டாதீய, ஹெட்டைக் கழட்டிப் பிஸ்டன் ஓரத்தைப் பாருங்க.

பேட்டை_ஸ்பானர்: 220? இருக்கீயளா?

ஆர்எக்ஸ்_குலவணிகர்புரம்: அந்த ரேஸ் சிடிஐய விக்கீயளா?