பாட்டையாவின் பாக்கெட் வாட்ச்: வெள்ளி எடைக்குக் கொடுக்கலாமா?

பள்ளத்தூர்ப்பொண்ணு:
பெரிய வீட்டுப் பெட்டகத்தைப் பங்காளிகள் சேர்ந்து திறந்ததில் பாட்டையாவோட பாக்கெட் வாட்ச் எங்க பங்குக்கு வந்தது. ரங்கூன்ல வட்டிக்கடை வச்சிருந்தவர். வெள்ளை டயல், ரோமன் எண், ஆறு மணி இடத்தில் செகண்டுக்குத் தனியா ஒரு குட்டி வட்டம். பின்மூடிக்குள்ள ஒரு பறவை முத்திரை, பக்கத்தில் 0.800. சாவி கொடுத்தா கொஞ்சம் ஓடி நின்னுடுது. முள்ளைத் திருப்ப முடியலை, திருகை இழுத்தா வரமாட்டேங்குது. பழைய சாமான் வாங்குறவர் ஒருத்தர் வெள்ளி எடைக்குக் கேட்கிறார். கொடுத்துடலாமா?

காரைக்குடி வாட்ச்காரர்:
கொடுக்காதீங்க ஆச்சி. திருகை இழுக்கவும் வேண்டாம், உடைஞ்சுடும். அதுக்குப் பக்கத்திலேயே கேஸ் ஓரத்தில் கடுகு மாதிரி ஒரு குமிழ் இருக்கா பாருங்க. நகத்தால் அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே திருகுங்க, முள் நகரும். அந்தக் காலத்து ஸ்விஸ் வாட்ச் நிறைய இப்படித்தான்.

பறவை காட்டுக்கோழி. ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளின்னு ஸ்விஸ் அரசு போட்ட முத்திரை. 875 ஆ இருந்தா கரடி இருக்கும். 1880 சட்டத்துக்கு அப்புறம் வந்தது இது.

ஆனா மதிப்பு உள்ளேதான் இருக்கு. உள்மூடியையும் திறந்து பேலன்ஸ் வீலை, அதாவது முன்னும் பின்னும் ஆடுற சக்கரத்தைப் பாருங்க. விளிம்பு முழுக்கப் பொடி ஸ்குரூ இருக்கா? விளிம்பு ரெண்டு இடத்தில் வெட்டியிருக்கா? இருந்தா உள்ளே எஃகு, வெளியே பித்தளை, ரெண்டும் சேர்ந்த வளையம் அது. வெயில் ஏறினா அந்தச் சக்கரத்தை ஆட்டுற மெல்லிய சுருள், ஹேர் ஸ்பிரிங், தளர்ந்து வாட்ச் மெதுவாகும். அதே வெயிலுக்குப் பித்தளை கூடுதலா விரிஞ்சு வளையத்தை உள்பக்கம் வளைச்சுடும், வேகம் ஈடாயிடும். நம்ம சித்திரை வெயிலுக்கும் சரி, அவங்க ஊர்ப் பனிக்கும் சரி, ஒரே வளையம் கணக்குப் பார்த்துக்கும். பேட்டரி இல்லாத காலத்தில் இதை யோசிச்சிருக்காங்க! இதை உருக்கக் கொடுக்க எப்படி மனசு வரும்?

நின்னு போறது பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசின் கட்டினதால்தான். தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விட்டுடாதீங்க. ஹேர் ஸ்பிரிங்ல ஏறினா சுருள் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும், வாட்ச் கண்டபடி வேகமா ஓடும்.

தேவகோட்டை ராமு:
திருநீறு போட்டுத் தேய்க்கவும் வேண்டாம் ஆச்சி. வெள்ளிச் சாமான்னாலே நம்ம வீடுகள்ல அதுதானே முதல் வேலை. மூடியில் வெட்டின பூ வேலையெல்லாம் மழுங்கிடும். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள்ல விசாரிக்கிறதா இருந்தா முழு வாட்சா விலை கேளுங்க. மெஷின்ல நம்பர் இருந்தா எழுதி வைங்க; லாஞ்சின்ஸ் மாதிரிக் கம்பெனின்னா பழைய பதிவேட்டைப் பார்த்து வருஷம் சொல்லுவாங்க.

பள்ளத்தூர்ப்பொண்ணு:
அண்ணே, குமிழை அமுக்கினேன், முள் நகருது! அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஸ்குரூ, வெட்டு ரெண்டுமே இருக்கு. உள்மூடியில் 'ஆங்க்ர், 15 ரூபி'ன்னு பிரெஞ்சில் இருக்கு. மாணிக்கம் நிஜமா?

காரைக்குடி வாட்ச்காரர்:
கல் நிஜம்தான், தனியா எடுத்து வித்தா காசு தேறாது. அச்சு முனை தேயாம சுத்தணும்னு வைக்கிறது. 'ஆங்க்ர்'னா லீவர் மெஷின், சிலிண்டர்ங்கிற இன்னொரு பழைய வகை மெஷினை விட உசத்தி. மணிக்கு 18,000 அடி, அதாவது செகண்டுக்கு அஞ்சு. பிசினோட அத்தனை அடி அடிச்சா முனை தேஞ்சுடும், அதனால சுத்தம் பண்ற வரைக்கும் சாவி கொடுக்காதீங்க. டயல் செம்புத் தகட்டில் சுட்ட எனாமல், பருத்தித் துணியில் சுத்தி எடுத்து வாங்க. உங்க முன்னாடியே பிரிச்சுக் காட்டுறேன்.